உங்களுக்குத் தெரியுமா? காலி டப்பாவும் நாலு ஓட்டையும்

பழரச டின், மீன் டின், பால்மாவு டின் எல்லாம் காலியானதும் குப்பைக்குப் போகிறவை. அவற்றையே அடுப்பாக்கிச் சமைத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்: சரக்கு ரயிலேறிப் பிழைப்பு தேடியவர்கள், பாலைவனச் சிப்பாய்கள், மலையேறிகள், நம்மூர் டீக்கடைக்காரர்கள். டப்பா மாறும், எரிபொருள் மாறும். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்ற கேள்வி மட்டும் மாறாது. டப்பா அடுப்பின் சூட்சுமம் முழுவதும் அதில்தான்.

உளியும் சுத்தியலும்

உணவைத் தகர டப்பாவில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்றது 1810-இல். 1813-இல் லண்டனின் பெர்மாண்ட்ஸியில் தொழிற்சாலையே வந்துவிட்டது. ஆனால் டப்பாவைத் திறக்கும் கருவி வர 1850-கள் ஆயின. அதுவரை உளி, சுத்தியல், துப்பாக்கிக் கத்தி என்று கையில் அகப்பட்டதைக் கொண்டுதான் உடைத்தார்கள். டப்பாவில் ஓட்டை போடும் கலைக்கு வயது டப்பாவின் வயதேதான்.

பம்பரில் திறந்த டின்

பானம் அடைத்த டின்னின் மூடியை விரலால் இழுத்துத் திறக்கும் வளையத்துக்கு 1963-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃபிரேஸ். உல்லாசப் பயணம் போன இடத்தில் திறப்பானை மறந்துவிட்டு, கார் பம்பரில் டின்னைக் குத்தித் திறக்க நேர்ந்ததால் வந்த யோசனை இது என்பார்கள். இன்றைய அலுமினிய டின் ஒன்றின் எடை சுமார் 13 கிராம். அதன் பக்கச்சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். சாதாரணக் கத்தரிக்கோலே வெட்டிவிடும். மலையேறிகள் இந்த டின்னைத் தேடி எடுப்பதற்குக் காரணம் அதுவே.

சரக்கு ரயிலில் வந்த அடுப்பு

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் வேலையிழந்தவர்கள் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். பதின்வயதினர் மட்டும் சுமார் 2.5 லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு. தண்டவாளத்தை ஒட்டிய புதர்களில் தங்கி, காலி டின்னில் சுள்ளி எரித்துச் சமைத்தார்கள். செய்முறை எளிது: மேல்மூடியை முழுதாக எடுக்க வேண்டும், அடிப்பக்கச் சுவரில் விறகு தள்ள ஒரு சின்ன வாசல், மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் துளைகள். கிளம்பும்போது அங்கேயே விட்டுப் போனாலும் நட்டமில்லை. அடுத்த ஊரிலும் டின் கிடைக்கும்.

மேல் துளை எதற்கு?

டின்னின் வாயில் பாத்திரத்தை வைத்ததும் வாய் அடைபட்டுவிடும். சூடான புகை வெளியேற வழியில்லையென்றால் கீழ்வாசல் வழியாகப் புதுக் காற்று நுழையாது. தீ மூச்சுத் திணறி அணையும். ஆகவே மேல் துளைகளின் மொத்தப் பரப்பு, கீழ்வாசலுக்கு ஓரளவாவது ஈடாக இருக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் கீழே தாராளம் காட்டி மேலே கஞ்சத்தனம் செய்துவிடுவார்கள்.

மணலும் பெட்ரோலும்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் விறகுக்கு எங்கே போவது? பிரிட்டிஷ் எட்டாவது படையினர் பெட்ரோல் வந்த 4 காலன் தகர டின்னையே குறுக்கே வெட்டி, பக்கங்களில் துளை போட்டு, அடியில் மணல் நிரப்பி, அதில் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினார்கள். மணல் திரியாக வேலை செய்தது; தீ தணிந்தால் குச்சியால் மணலைக் கிளறிவிட்டார்கள். வெட்டிய மறுபாதி டின் தேநீர்ப் பாத்திரம். பெங்காசி அடுப்பு என்று இதற்குப் பெயர். அந்தப் படையில் நான்காவது இந்திய டிவிஷனும் இருந்தது.

டின் ஏன் தாராளமாகக் கிடைத்தது? மெல்லிய தகரத்தில் செய்த அந்த டின்கள் வழியெல்லாம் ஒழுகின. இழப்பு சுமார் 30 சதவீதம் என்று தளபதி ஆக்கின்லெக் கணித்தார். ஜெர்மானியரின் 20 லிட்டர் ஜெரிகேனைப் பார்த்து அதேபோல் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஒழுகல் நின்றது. பெட்ரோல் சுமக்க லாயக்கில்லாத டின், தேநீர் போட உகந்ததாயிற்று. (உயிர் பிழைக்க வேறு வழியில்லாதவர்கள் செய்த வேலை இது, வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.)

அட்டையும் மெழுகும்

அமெரிக்கச் சாரணர் முகாம்களில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் அடுப்பு ஒன்று உண்டு. தட்டையான மீன் டின் எடுத்துக்கொள்வார்கள். நெளிவு அட்டைப்பெட்டியை டின்னின் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவான அகலத்தில் நீள நீளமாக வெட்டி, சுருட்டி உள்ளே வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிடுவார்கள். அட்டைதான் திரி, மெழுகுதான் எரிபொருள். அட்டையின் நெளிவுகளுக்குள் மெழுகு ஏறி நிற்பதால் டின்னின் முழுப்பரப்பும் சுடர் விடும். ஒரு தடவை நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியும். சுமார் 3 லிட்டர் கொள்ளும் பெரிய டின்னைத் துளைகளோடு இதன்மேல் கவிழ்த்தால், அதன் அடிப்பாகமே தோசைக்கல்; முட்டை பொரித்துவிடலாம்.

தண்ணீர் வேண்டாம், மூடி போதும்

எரியும் மெழுகின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, கொதிக்கும் மெழுகைத் தீப்பந்தாக மேலே வீசும். ஒரு தட்டையான மூடியால் காற்றை மறிப்பதே சரியான முறை. மெழுகை உருக்குவதும் நேர்த்தீயில் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும்.

பித்தளையின் பிள்ளை

1925-இல் சுவீடனில் தொடங்கிய டிராங்கியா நிறுவனத்தின் பித்தளை ஸ்பிரிட் அடுப்பு மலையேறிகளிடம் பெயர் பெற்றது. அதன் சூட்சுமம் இரட்டைச் சுவர். இரண்டு பான டின்களின் அடிப்பாகங்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவே ஒரு உள்சுவர் வைத்து, விளிம்பைச் சுற்றி ஊசித் துளைகள் போட்டால் அதே அமைப்பு கிடைத்துவிடும். பித்தளை அடுப்பு சுமார் 110 கிராம். டின் அடுப்பு 20 கிராமைத் தாண்டினாலே அதிகம்.

ஒரு நிமிடப் பொறுமை

ஸ்பிரிட் அடுப்பைக் கொளுத்தியதும் நடுக்குழியில் மட்டும் மந்தமாக எரியும். அந்தச் சூட்டில் இரட்டைச் சுவருக்கு இடையிலுள்ள ஸ்பிரிட் ஆவியாகி, அழுத்தம் கூடி, ஓரத் துளைகள் வழியாகப் பீறிடத் தொடங்கும். அப்போதுதான் சுற்றிலும் சுடர் வளையம் பூக்கும். இதற்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதற்கு முன் குளிர்ந்த பாத்திரத்தை மேலே வைத்தால் பல அடுப்புகள் அணைந்தே போகும்.

அலுமினியம் ஏன் உருகுவதில்லை?

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஸ்பிரிட் சுடர் அதைவிடச் சூடானது. ஆனாலும் டின் உருகாது. ஸ்பிரிட்டில் உள்ள எத்தில் ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி. உள்ளே திரவம் இருக்கும்வரை தகட்டின் சூட்டை அது வாங்கிக்கொண்டு ஆவியாகும். விறகுக் கங்கு அப்படி எந்தச் சூட்டையும் வாங்கிக்கொள்ளாது. அதில் அலுமினிய டின் சுருங்கி ஓட்டை விழுந்துவிடும். ஆகவே சுள்ளிக்கு இரும்புத் தகர டின், ஸ்பிரிட்டுக்கு அலுமினிய டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று தெரியவில்லையா? காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் இரும்பு.

பூனை தின்ற மிச்சம்

அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் நடப்பவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. அவர்களிடையே புகழ்பெற்றது 85 கிராம் பூனை உணவு டின். கழுவித் துடைத்து, விளிம்புக்குக் கீழே காகிதத் துளைப்பானால் இரண்டு வரிசைத் துளை போட்டால் ஸ்பிரிட் அடுப்பு தயார். தனியாகப் பாத்திரம் தாங்கி வேண்டாம். பாத்திரத்தை டின்னின் மேலேயே வைக்கலாம். ஆண்ட்ரூ ஸ்கர்க்கா போன்ற நெடுந்தூர நடையர்களும் இதைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் கணக்கு

25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 314 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு மில்லிலிட்டர் எத்தில் ஆல்கஹால் தருவது சுமார் 21 கிலோஜூல். கணக்குப்படி 15 மில்லிலிட்டர் போதும். நடைமுறையில் இரு மடங்காவது ஆகும். மீதி வெப்பம் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு காற்றோடு போய்விடுகிறது. மூடி போடுவதும் அகன்ற பாத்திரம் வைப்பதும் அந்த மீதியில் கொஞ்சத்தைப் பிடித்துத் தரும்.

கண்ணுக்குத் தெரியாத தீ

ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்ப்பவர்களுக்குத்தான் மோசமான தீக்காயங்கள் நேர்கின்றன. ஊற்றும் தாரை வழியாகத் தீ பாட்டிலுக்கே ஏறிவிடும். அடுப்பு முழுதாக ஆறி, கையால் தொட முடிந்த பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

மஞ்சள் பாட்டில், சிவப்பு பாட்டில்

அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் ஹீட் என்ற பெயரில் கார் எரிபொருள் குழாய்க்கான உறைவுத் தடுப்பான் விற்கிறது. மஞ்சள் பாட்டிலில் இருப்பது மெத்தனால், புகையின்றி எரியும். சிவப்பு பாட்டிலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பாத்திரத்தில் கரி அப்பும். நடையர்கள் மஞ்சளைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் மெத்தனால் கொடிய விஷம். குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது இதுதான்.

பஃபே மேசைக்குக் கீழே

கல்யாண பஃபேயில் குருமா பாத்திரத்துக்கு அடியில் நீலச் சுடரோடு எரியும் சின்ன டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். கூழ்மமாக்கிய ஆல்கஹால் அது. கவிழ்ந்தாலும் திரவம்போல ஓடிப் பரவாது. டப்பாவே அடுப்பு, டப்பாவே எரிபொருள் கலம். சுமார் 1900-இல் நியூயார்க்கில் உருவான இது, ஸ்டெர்னோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மாத்திரையில் தீ

1936-இல் ஜெர்மனியின் எரிக் ஷூம் வெள்ளை மாத்திரை வடிவ எரிபொருளை உருவாக்கினார். எஸ்பிட் என்று பெயர், ஹெக்சமின் என்ற வேதிப்பொருளால் ஆனது. ஒழுகாது, சிந்தாது, சட்டைப்பையில் கிடக்கும். வெட்டிய டின்னின் அடித்தட்டில் ஒன்றை வைத்துக் கொளுத்தினால் ஒரு கோப்பை காப்பிக்குத் தண்ணீர் தயார். விலை: பாத்திரத்தின் அடியில் ஒட்டும் பிசின் கறையும் மூக்கைத் துளைக்கும் நெடியும்.

மரத்தூள் அடுப்பு

தமிழகத்திலும் இலங்கையிலும் ஒரு காலத்தில் வீடுகளிலும் டீக்கடைகளிலும் எரிந்த மரத்தூள் அடுப்பு, டப்பா அடுப்புகளில் மகா கெட்டிக்காரத்தனமானது. டால்டா டின்னோ எண்ணெய் டின்னோ போதும். அடிப்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை அல்லது உருளைக் கட்டையை நிறுத்தி, பக்க ஓட்டை வழியாக இன்னொரு கட்டையை அதைத் தொடும்படி செருகி, சுற்றிலும் மர அறுவை மில்லிலிருந்து வாங்கி வந்த தூளைக் கெட்டியாக இடித்து நிரப்புவார்கள். பிறகு கட்டைகளை மெல்லத் திருகி உருவினால், தூளுக்குள்ளேயே ஒரு புகைபோக்கி உருவாகிவிடும். அடியில் ஒரு சுள்ளியைப் பற்றவைத்தால் காற்று பக்கத்தில் நுழைந்து நடுக்குழாய் வழியாக மேலேறும். தூள் உள்சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல மெல்லக் கனன்று மணிக்கணக்கில் எரியும். விறகு தள்ள ஆளே வேண்டாம்.

அதில் இரண்டு தவறுகள் கூடாது. தூள் ஈரமாக இருந்தால் வீடெல்லாம் புகை. இடிப்பு தளர்ந்திருந்தால் நடுக்குழாய் சரிந்து, காற்றுவழி அடைபட்டு, அன்றைய சமையல் அத்தோடு சரி.

எல் வடிவத்தில் ராக்கெட்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980-களின் தொடக்கத்தில் ராக்கெட் அடுப்பை வடிவமைத்தார். கிடையாக ஒரு குழாயில் விறகின் நுனி மட்டும் எரியும். அதோடு செங்குத்தாக இணையும் குழாயில் புகையும் சேர்ந்து எரிந்துவிடும். இதையே டின்னில் செய்யலாம்: ஒரு பெரிய டின்னுக்குள் இரண்டு சிறிய டின்களை எல் வடிவில் பொருத்தி, இடைவெளியெல்லாம் சாம்பல் நிரப்ப வேண்டும்.

சாம்பல் எதற்கு? அதில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. உட்குழாயின் சூடு வெளியே போகாததால் விறகின் வாயுக்கள் முழுதாக எரியும். மண்ணோ மணலோ போட்டால் அது முதலில் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். பாத்திரத்துக்கு வருவது மிச்சம்தான். செங்குத்துக் குழாயின் உயரம் அகலத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். விறகுக்கு அடியில் ஒரு தகட்டுத் தாங்கி வைத்தால் காற்று அடியிலிருந்து வந்து கங்கில் படும். அம்மாக்கள் ஊதாங்குழலால் செய்த வேலையை இங்கே குழாயின் உயரமே செய்கிறது.

தலைகீழாகக் கொளுத்தும் அடுப்பு

உலர்ந்த விறகைச் சூடாக்கினால் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்துவிடும். நாம் காணும் சுடர் அந்த வாயு எரிவதுதான். அமெரிக்காவின் டாம் ரீடும் நோர்வேயின் பால் வெண்டல்போவும் தனித்தனியாக இதை அடுப்பாக்கினார்கள். டின்னில் சுள்ளியை நிரப்பி உச்சியில் கொளுத்த வேண்டும். தீ கீழ்நோக்கி இறங்க, எழும் வாயுவோடு மேல்துளைகள் வழியாக வரும் இரண்டாம் காற்று கலந்து எரியும். அடித்துளை வழிக் காற்று வாயுவைப் பிரிக்க. மேல்துளை வழிக் காற்று அதை எரிக்க. சமையல் முடிந்ததும் டின்னில் மிஞ்சுவது சாம்பலல்ல, கரி.

நைரோபியின் தகர வேலைக்காரர்கள்

கென்யாவில் 1980-களில் பரவிய கரி அடுப்பான ஜிக்கோ, தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்து வந்தது. பழைய தகட்டில் உடுக்கை வடிவ உறை, உள்ளே சுட்ட மண் பூச்சு. நைரோபியின் திறந்தவெளிப் பட்டறைகளில் கைத்தொழிலாளர்கள் கழிவுத் தகரத்தையே வெட்டித் தட்டி இதைச் செய்கிறார்கள்.

ஐஸ் வைத்துத் துளை போடலாம்

காலி டின்னில் ஆணி அடித்தால் சுவர் நசுங்கும். டின்னில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துவிட்டு அடியுங்கள். உள்ளே பனிக்கட்டி தாங்கிக்கொள்ளும், துளை சுத்தமாக விழும். குளிர்பெட்டி இல்லையென்றால் ஈரமணலை இறுக்கி நிரப்பலாம். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்க்காமல் விட்டால் அது பிளேடுதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பளபளப்பை நம்பாதீர்கள்

துத்தநாகம் பூசிய வாளியையும் தகட்டையும் அடுப்பாக்கக் கூடாது. கடும் சூட்டில் எழும் துத்தநாகப் புகையை முகர்ந்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். உணவு டின்களிலும் உட்புறம் வேறொரு மெல்லிய பூச்சு இருக்கும். ஆகவே முதல் தடவை சமையல் எதுவும் வைக்காமல், திறந்தவெளியில் வெறும் தீ மூட்டி அதை எரித்துவிட வேண்டும்.

மறைப்பும் ஆபத்தும்

டப்பா அடுப்பின் முதல் எதிரி பக்கக்காற்று. அலுமினியத் தகட்டால் ஒரு மறைப்பு வைத்தால் எரிபொருள் பெருமளவு மிச்சமாகும். ஆனால் கேஸ் குப்பியின் தலையில் திருகும் அடுப்பை அதேபோல் முழுதாகச் சுற்றி மறைத்தால் குப்பி சூடாகி வெடிக்கலாம். கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் எரிக்காதீர்கள். காற்று போதாத தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை.

கொடைக்கானலில் வேகாத பருப்பு

உயரம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலை குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. 2,100 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் மூடியில்லாத பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது. மலைக்குப் பருப்பை ஊறவைத்து எடுத்துப் போவது புத்திசாலித்தனம். அவலும் ரவையும் அதைவிடப் புத்திசாலித்தனம்.

காட்டில் ஆகாது

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் வறட்சிக் காலத் தீத்தடை வந்தால், திருகி உடனே அணைக்கும் வால்வு இல்லாத அடுப்புகளுக்கு அனுமதி இருக்காது. டப்பா அடுப்புகள் எல்லாமே அந்தப் பட்டியலில் விழும். நம் காப்புக்காடுகளில் அனுமதியின்றித் தீ மூட்டுவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடைப் புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடில்லை. டப்பா அடுப்பைச் செய்து பார்க்க மொட்டைமாடியோ வெற்றுத் தரையோ போதும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

புகையைப் படியுங்கள்

செய்த அடுப்பு சரியா என்று புகையே சொல்லிவிடும். வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம், அல்லது வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே சூடேறவில்லை. மெல்லிய, உலர்ந்த சுள்ளிக்கு மாறுங்கள். கரும்புகை வந்தால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. விறகைக் குறையுங்கள் அல்லது மேல்துளையைக் கூட்டுங்கள். சுடர் வாசல் பக்கம் திரும்பி உங்களைப் பார்த்து எரிந்தால் மேல்வழி அடைபட்டிருக்கிறது. பாத்திரத்தை மூன்று கல்லிலோ ஆணிகளிலோ ஒரு விரலளவு உயர்த்துங்கள். இவ்வளவும் செய்தும் சரியாகவில்லையா? இன்னொரு டப்பாவை எடுங்கள், ஓட்டையை வேறு இடத்தில் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.